உத்தரத்துக் கொக்கியும் லல்லாரே என்ற வினையும்

வந்த முதல் வாரத்தில் மீனாட்சி கேட்ட ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லட்டைகள் அடுக்கியிருக்கும் அலமாரிக்கு நேர் மேலே, உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டாள். விளக்கு மாட்டவா என்று ஞானம் கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று இருவரையும் அனுப்பிவிட்டேன். வேலை நேரத்தில் சொல்ல முடியாத அளவுக்கு அது நீளமான பதில். எழுதித்தான் தர வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அந்தச் சன்னலோர மேசை உங்கள் இருவருடையது. என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. தபால் இலாகாவில் மாற்றல் வந்தால் எதிர்த்துப் பேச இடமில்லை. ஓய்வு பெறுகிற வயது எனக்கு இல்லைதான். ஆனால் லத்தீன் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் வேலை இந்தக் கொடைக்கானல் பங்களாவைத் தவிர வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இந்தத் தொழிலிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் பொய்யாகாது.

அட்டைகளை எப்படி எழுதுவது, எந்தப் பெட்டியில் எது என்பதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். மடியில் சின்னவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுதுகிறேன். எங்காவது கோர்வை விட்டுப்போனால் அவன் விழித்துவிட்டான் என்று கொள்ளுங்கள்.

நான் லத்தீன் படித்தது ஒரு தற்செயல். திருச்சியில் கல்லூரியில் சேரப் போனபோது பிரெஞ்சு வகுப்பில் இடமில்லை, லத்தீனில் இருந்தது. எங்கள் அப்பா திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியர். "மாதா கோயில்ல பூசை நேரத்துல காதுல விழுற பாசைதானம்மா, படி" என்றார். படித்தேன். வினைச்சொற்களைக் கால வாரியாக, இட வாரியாக அடுக்கிச் சொல்வதில் நான்தான் வகுப்பில் முதல். ஆமோ, ஆமாஸ், ஆமாத், அதாவது நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான் என்று தொடங்கினால் மூச்சு விடாமல் கடைசிவரை போவேன். அது அறிவு என்று அப்போது நினைத்திருந்தேன். ஒப்பிப்பது வேறு, தெரிவது வேறு என்பதை இந்த மேசைதான் எனக்குக் காட்டியது.

கல்யாணமாகி, கணவருக்குக் கொடைக்கானல் தபால் நிலையத்தில் வேலையாகி, செசிலி பிறந்து ஒரு வயது கடந்த சமயத்தில், இந்த அகராதி வேலைக்கு லத்தீன் தெரிந்த தமிழர் ஒருவர் தேவை என்று கோயிலில் அறிவித்தார்கள். ஆண்பிள்ளை வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். சொல்லவில்லை. நான் போய் நின்றேன். ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிள்ளையை வேலையிடத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

செசிலியைப் பக்கத்து வீட்டுப் பாத்திமாக்கா பார்த்துக்கொண்டார். அவர் கணவருக்குப் பஜாரில் மளிகைக் கடை. முதல் நாள் நான் வாசலில் மூன்று முறை திரும்பிப் பார்த்தபோது, "நீ போயி ஒஞ் சோலியப் பாரு புள்ள. இவ எங்கிட்டக் கெடப்பா. நீ திரும்பித் திரும்பிப் பாத்தா அவ அழுகாம என்ன செய்வா?" என்றார். அந்த அம்மாளுக்கு நான் பட்ட கடன் தனி. அவரைப் பற்றி எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

அப்போது இந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பெரியசாமி என்று நாங்கள் அழைத்த தொகுப்பாசிரியர். கடல் கடந்து வந்து இங்கேயே நரைத்துப்போன துறவி. அடுத்தது துணைத் தொகுப்பாளர். அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் துறவியில்லை, குடும்பஸ்தர். லத்தீனும் தமிழும் இரண்டு கைபோல அவருக்கு. சிரித்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது, அட்டைகளை உரக்க வாசிக்கும் இளம் பிரதர், போளூர்க்காரர். இன்று உங்களுக்குத் தலைமை வகிக்கும் சாமி அவர்தான். அப்போது அவருக்கு மீசை அரும்பு.

புதன்கிழமை வாசிப்பு உங்களுக்குத் தெரியும். அட்டையை மேசை நடுவில் வைத்து ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்க, ஐயம் இருந்தால் கையை அட்டையின் மேல் வைக்கிற வழக்கம். அதை ஏற்படுத்தியவர் பெரியசாமி. காரணம் சொல்ல வேண்டியதில்லை, கை வைத்தால் போதும் என்பது விதியின் முதல் பாதி. தலைமை வகிப்பவர் 'நிற்கட்டும்' என்று சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் ஐயம் தீர்ந்ததாகக் கொண்டு அட்டை அச்சுக்குப் போய்விடும் என்பது இரண்டாம் பாதி. நீங்கள் இரண்டாம் பாதியை ஒரு விளையாட்டாக நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெரியசாமி ஒருமுறை தாமே எழுதிய அட்டையின் மேல் தாமே கை வைத்தார். ஏதோ ஒரு மரத்தின் பெயர். என்ன ஐயம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. 'நிற்கட்டும்' என்றும் தாமே சொல்லிக்கொண்டார். பல வாரம் கழித்து, எல்லாப் புத்தகத்தையும் புரட்டிவிட்டு வந்து, "பிழை இல்லை. என் கைதான் பிழை" என்றார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் அட்டையை அச்சுக்குப் போகும் கட்டோடு சேர்த்தார். எனக்கு அது பெரிய அதிர்ச்சி. பல வாரம் வீணாயிற்றே என்று நான் உள்ளுக்குள் பதறினேன். அவர் முகத்திலோ நன்றாகச் சாப்பிட்டவரின் திருப்தி.

நான் மட்டும் எந்த அட்டையிலும் கை வைக்கவில்லை. ஐயம் இல்லாமல் அல்ல. எனக்கு எதிலும் ஐயம்தான். அடுப்பை அணைத்தேனா, பால் காய்ந்ததா, செசிலிக்கு ஸ்வெட்டர் போதுமா என்று ஏரிக்கரை வரும்வரை யோசித்துக்கொண்டு நடக்கிறவள் நான். இப்படிப்பட்டவளின் ஐயத்துக்கு அகராதியில் என்ன மதிப்பு என்று நானே அதை ஒதுக்கிவைத்தேன். ஒருநாள் பெரியசாமி, "அம்மா, உங்கள் கை எப்போதும் மடியிலேயே இருக்கிறது. குளிரா?" என்று கேட்டார். எல்லோருக்கும் அது வேடிக்கை. எனக்கு அன்று முழுதும் வேலை ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எல் எழுத்து அட்டைகளில் 'லல்லோ' வந்தது. லல்லோ, தொழிற்பெயராகச் சொன்னால் லல்லாரே. அரிய வினை. லத்தீன் நூல்கள் அனைத்தையும் சலித்தாலும் அது வருகிற இடங்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். மேனாட்டு அகராதிகள் ஒரே குரலில் 'தாதி குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுதல்' என்று சொல்லின.

சார் அந்த அட்டையை என் பக்கம் தள்ளினார். "இது ஒங்க சோலிம்மா. இங்க வேற யாருக்கு அனுபவம்?"

பிரதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சன்னலைப் பார்த்தார். நான் நிமிடத்தில் எழுதிவிட்டேன். 'தாலாட்டுப் பாடு.' கீழே வாய்பாடு. ஆமோவைப் போலவே இது முதல் வகுப்பு வினை. ஆகவே நிகழ்காலம், எதிர்காலம், இறந்தகாலம் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பினேன். லல்லோ, நான் தாலாட்டுகிறேன். லல்லாபோ, தாலாட்டுவேன். லல்லாவி, தாலாட்டினேன். அழகாக இருந்தது அட்டை. என் எழுத்தும் கொஞ்சம் அழகு என்று சொல்வார்கள்.

அன்று சாயங்காலம் செசிலியைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாவிடம் கேட்ட பாட்டெல்லாம் எனக்கு வரும். மாமன் கொண்டுவரும் சீர்வரிசை ஒன்றுவிடாமல் வரும் நீளப் பாட்டுகள். அன்றைக்கு அவை ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது வினைதான். லல்லோ, லல்லாஸ், லல்லாத். லல்லாமுஸ், லல்லாத்திஸ், லல்லாந்த். நான், நீ, அவள். நாம், நீங்கள், அவர்கள். இரண்டாம் சுற்று முடியுமுன் அவள் தூங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பாடத்த வச்சே தூங்கப் போட்டுட்டியா? எங்க வாத்தியார் ஞாபகம் வருது" என்றார்.

சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஏதோ உறுத்தியது. நான் பாடவில்லை. அவள் தூங்கினாள். அட்டையில் 'பாடு' என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த வினை வருகிற ஓரிடத்தில், அதைச் செய்ய மறுப்பது ஒரு குழந்தை. தாதியல்ல. குழந்தை எப்படித் தாலாட்டுப் பாட மறுக்கும்? இதை யோசிக்க யோசிக்க, நானே வலிய இல்லாததைத் தேடுகிறேனோ என்றும் பட்டது. இத்தனை அகராதிகள் சொன்னது போதாதா? பெரியவர்கள் பார்க்காததையா நான் பார்த்துவிட்டேன்? அடுப்பை அணைத்தேனா என்று திரும்பிப் பார்க்கிற புத்திதானே இதுவும் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது.

ஒன்று, மழை. கொட்டு மழை, மலைப்பாதையில் மண் சரியும் என்று பயந்துகொண்டிருந்தார்கள். இரண்டு, பெரியசாமிக்கு நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் இருந்தார். தலைமை சாருக்கு. மூன்று, மதுரை அச்சகம். ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பதினாறு பக்கத்தை அச்சகத்தார் பாரம் என்பார்கள்; ஓர் அட்டை நின்றாலும் பாரம் முழுதும் நிற்கும். எங்கள் எல் பாரத்துக்காக ஓர் இயந்திரத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். அன்று போகாவிட்டால் பள்ளிப் பாடப்புத்தகம் ஏறிவிடும்; அதன் பிறகு நம் முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியில்தான் எங்கள் பொட்டலம் வத்தலக்குண்டுவரை போகும். அங்கே மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

நான்காவது எனக்கு மட்டும். பாத்திமாக்கா தங்கை மகள் நிக்காஹுக்குப் பழனி போயிருந்தார். காலையில் பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெருமுழுதும் அலைந்துவிட்டு, கடைசியில் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். வேலைக்கு வராமல் இருந்திருக்கலாம். தற்காலிக மாதங்கள் முடிகிற தருணம் அது. வேலை உண்டா இல்லையா என்று பெரியசாமியிடம் சொல்ல வேண்டியவர் சார். பாரம் போகிற நாளில் வராமலிருந்தால் என்ன சொல்வார்? பிள்ளையோடு வந்தால் என்ன சொல்வார்? வழிநெடுக இதே கணக்குத்தான்.

அவர் கம்பளியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "மூலையில படுக்க வைங்க. தூங்குதுல்ல?"

"தூங்குறா சார்."

"சரி. வாசிங்க பிரதர்."

அட்டைகள் ஒவ்வொன்றாகப் போயின. கீழே லாரி வந்து நின்று ஒலி எழுப்பியது. ஓட்டுநர் படியேறி வந்து வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். "சார், வெரசாக் குடுங்க. மழ வலுத்துருச்சு. இருட்டுறதுக்குள்ள வத்தலக்குண்டு எறங்கிட்டாத்தான் எனக்கு உசுரு."

"நாலே அட்டதான்ப்பா. நில்லு."

பிரதர் லல்லோவை வாசித்தார். தாலாட்டுப் பாடு. முதல் வகுப்பு. நிகழ்காலம், எதிர்காலம், இறந்தகாலம். நிறுத்தினார்.

என் கை எப்படிப் போனது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. பார்க்கும்போது அது அட்டையின் மேல் இருந்தது.

சார் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது நீங்க எழுதுன அட்டதானம்மா?"

"ஆமா சார்."

"ஒங்க அட்டை மேல நீங்களே கை வக்கிறீங்க. இன்னக்கி. இப்ப."

"ஆமா சார்."

"என்ன தப்பு?"

"தெரியல சார்."

ஓட்டுநர் வாசலில் இருமினார். பிரதர் அடுத்த அட்டையைக் கையில் எடுத்து, மறுபடி வைத்தார்.

"தெரியலன்னா எப்புடிம்மா? காரணம் கேக்கக் கூடாதுன்னுதான் விதி. நானும் வற்புறுத்திக் கேக்கல. ஆனா லாரி நிக்கிது. மெசினு நிக்கிது. எல்லா டிக்சனரியும் தாலாட்டுங்குது. நீங்க பிள்ளக்காரி, நீங்களும் தாலாட்டுன்னுதான் எழுதியிருக்கீங்க. எடுத்துருங்க. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

அவர் கோபத்தில் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னது அத்தனையும் நியாயம். எடுத்துவிடலாம் என்று விரல் கொஞ்சம் தளர்ந்தது உண்மை.

அந்த நேரம் பார்த்துச் செசிலி விழித்தாள்.

விழித்து, தெரியாத அறை, தெரியாத முகங்கள், வாசலில் நனைந்த கம்பளி போர்த்திய ஓட்டுநர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, வீறிட்டாள். இந்த உயரமான கூரையில் அது எப்படி எதிரொலிக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கைகளை என்னை நோக்கி நீட்டிக்கொண்டு அழுதாள். நான் மேசையின் இந்தப் பக்கம். அவள் அறையின் அந்த மூலையில். எட்டாது. எழுந்தால் கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தால் அட்டை போய்விடும்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு, போய்ப் பிள்ளையை எடுக்காமல் என்ன அட்டை வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஒரு சொல்லுக்காகப் பெற்ற பிள்ளையை அழவிட்டவளா நான் என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அதே சமயம், எழுந்து போயிருந்தால் இனி எந்த அட்டையிலும் நான் கை வைத்திருக்க மாட்டேன் என்பதும் எனக்கு நிச்சயம். எது சரி என்று இன்றும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "செசிலி, செசிலிம்மா, அம்மா இங்கதான்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கை மட்டும் அட்டையில் இருந்தது.

சார் பிரதரைப் பார்த்தார். பிரதர் எழுந்து போய்ச் செசிலியைத் தூக்கினார். பூசைப் பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவள் இன்னும் உரக்க அழுதாள். சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"சாமி, புள்ளைய நெஞ்சோட அணைங்க. உருளக்கெழங்கு மூட்டையக்கூட இன்னம் நல்லாப் பிடிப்பீகளே" என்றார் ஓட்டுநர்.

"கெழங்கு அழுகாதுங்க" என்றார் பிரதர்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்தார். "குடுங்க இங்க" என்று வாங்கித் தோளில் சாய்த்தார். தோளில் அழுகை நிற்கவில்லை. கைமாற்றி முகத்துக்கு நேராகப் பிடித்து, நான் அதுவரை சிரித்துப் பார்த்திராத அந்த வாயைத் திறந்து, நாக்கை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினார். லுலுலுலுலு. லலலலலா. சொல் கிடையாது. ராகம் கிடையாது. வெறும் நாக்கு. லுலுலுலு என்று அலமாரிவரை நடந்தார், லலலலா என்று சன்னல்வரை திரும்பினார். அந்த மனிதர். அந்த வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பித்தான்.

செசிலி விக்கலோடு நிறுத்தினாள். அவர் வாயையே பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி அவர் உதட்டைத் தொட்டு, கண்ணீர் வழியும் முகத்தோடு, "லா" என்றாள். அவர் "லலலா" என்றார். அவள் "லலா" என்றாள்.

ஓட்டுநர் வாய் திறந்தபடி நின்றார்.

சார் நடுவழியில் நின்றுவிட்டார். பிள்ளையைப் பார்த்தார், மேசைமேல் இருந்த என் கையைப் பார்த்தார். பிறகு பிரதரிடம், "எழுதிக்குங்க. நான் பாடல" என்றார்.

"சார்?"

"எனக்குப் பாட்டு வராது. ஏழு பிள்ள வளத்தாச்சு, எம் பொஞ்சாதியைக் கேட்டுப் பாருங்க, ஒரு வரி பாடுனதில்ல. இப்பச் செஞ்சது பாட்டில்ல. ஆனா இதுக்கு என்ன பேருன்னு கேட்டா லல்லாரேன்னுதான் சொல்லுவேன். இவளும் திருப்பி அதத்தான் செஞ்சா. ரெண்டு பேருல யாரு செஞ்சது லல்லாரே? அந்த அம்மாவுக்கு அதுதான் உறுத்துச்சு. அவங்களுக்குச் சொல்லத் தெரியல. எனக்குச் செய்யிற வரைக்கும் தெரியல." என் பக்கம் திரும்பினார். "நிற்கட்டும்."

நான் கையை எடுத்தேன். உள்ளங்கையில் வியர்த்து, 'தாலாட்டினேன்' என்பதன் மை பாதி என் கையில் ஒட்டியிருந்தது.

அவர் அதையும் பார்த்தார். "இந்த லல்லாவி எங்க கெடச்சுது?"

"வாய்பாட்டுப்படி போட்டேன் சார். நூல்கள்ல கெடைக்கல."

"ரெண்டாயிரம் வருசத்துல ஒருத்தரும் 'தாலாட்டினேன்'னு எழுதி வைக்கலையா?"

"நமக்குக் கெடச்ச வரைக்கும் இல்ல சார்."

"செஞ்சவங்களுக்கு எழுத நேரம் இருந்திருக்காது" என்றார். செசிலி அவர் கண்ணாடி எங்கே என்று மேசையில் தேடிக்கொண்டிருந்தாள். "அந்தக் கட்டத்தக் காலியா விடுங்க. சான்று இல்லைன்னு போடுங்க. இல்லாததுக்கு நாம அழகா உரு குடுத்துப்புட்டா, பின்னால வர்றவன் இருக்குன்னு நம்பிருவான்."

ஓட்டுநர், "அப்ப பொட்டலம்?" என்றார்.

"இன்னக்கி இல்லப்பா. நீ பாத்துப் போ."

லாரி எங்கள் பொட்டலம் இல்லாமலே போயிற்று. அன்று மாலையே பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எல் பாரம் அச்சேறுமுன் எம் பாரம் அச்சாகி வந்தது. மதுரையிலிருந்து கோபமாகக் கேட்டார்கள். பெரியசாமி எழுந்து நடமாடத் தொடங்கியதும் சாரைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் அடுத்த அறையில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். "நான்தான் நிறுத்தினேன்" என்று சார் சொன்னது கேட்டது. என் பெயரே எழவில்லை. பிள்ளையின் பெயரும். அவருடைய வேலைக்கு அது எவ்வளவு சங்கடம் என்று அப்போது எனக்கு முழுக்கப் புரியவில்லை. இப்போது புரிகிறது. புரிந்த பிறகு நன்றி சொல்லப் போனால், "என்னத்துக்கும்மா?" என்று கேட்கிறவர் அவர்.

அந்த அட்டை கடைசியில் எப்படி வந்தது என்று எல் பெட்டியில் பாருங்கள். 'நாவை அசைத்து ஒலியெழுப்பிக் குழந்தையை அமைதிப்படுத்து. (குழந்தை) அவ்வொலி எழுப்பு. இரண்டாவது பொருள் ஐயத்துக்குரியது.' இறந்தகாலக் கட்டம் காலி. பெரியசாமி அதைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, "தமிழில் தால் என்றால் நாக்கு அல்லவா? நீங்கள் முதலிலேயே சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள். பாடு என்பதை மட்டும் சேர்க்காமல் இருந்திருந்தால்" என்றார். அதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் ஒரு சொல்லை அடித்திருந்தால் போதுமே, லாரியை அனுப்பியிருக்கலாமே என்று பல நாள் மனத்தைக் குடைந்தது. சாரிடம் சொன்னேன். "அடிச்சிருந்தா அடிச்ச காரணம் நமக்கே தெரிஞ்சிருக்காதேம்மா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இன்றுவரை அந்தச் சொல்லை யாராவது நம் அகராதியில் தேடினார்களா என்று தெரியாது. தேடியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நான் வெள்ளனே வந்துவிட்டேன். வேலை இல்லை என்று சொல்வதானால் மற்றவர்கள் வருமுன் சொல்லட்டும் என்று ஓர் எண்ணம். உள்ளே சார் முக்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, உத்தரத்தில் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தார். மரத்தூள் அவர் தலையில் கொட்டிக் கிடந்தது.

"பழஞ் சேலை ஏதும் இருக்காம்மா?"

"எதுக்கு சார்?"

"தூளி கட்டத்தான். ஒங்க பாத்திமாம்மா வீட்டுல இனிமே கல்யாணமே வராதா?" கொக்கியைப் பிடித்து ஒருமுறை தொங்கிப் பார்த்தார். "என்னையே தாங்குது. அவளத் தாங்காதா?"

வேலை உறுதியான செய்தி முறைப்படி அந்த மாதக் கடைசியில் வந்தது. எனக்கு அந்தக் காலையே தெரிந்துவிட்டது. செசிலி அந்தக் கொக்கியில் எத்தனையோ பகல் தூங்கினாள். அவளுக்குப் பிறகு சின்னவனும் தூங்கினான். அவனுக்குப் பாட்டு எதுவும் பாடியதில்லை. லல்லோ, லல்லாஸ், லல்லாத் போதுமாக இருந்தது. செசிலி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு இந்தக் கதை சொன்னால் நம்புவதில்லை. சார் ஓய்வு பெற்று ஆடலூரில் காப்பியும் மிளகும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிளம்புமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் புதன்கிழமை வாசிப்பில் ஞானம் ஓர் அட்டையில் கை வைத்தாள். சாமி, "என்னம்மா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் முகம் சிவந்து, "ஒண்ணுமில்லீங்க சாமி" என்று கையை எடுத்துவிட்டாள். அட்டை போய்விட்டது. மீனாட்சி அவளைப் பார்த்ததையும், அவள் குனிந்துகொண்டதையும் நான் பார்த்தேன். அந்தக் குனிவு எனக்கு நன்றாகத் தெரிந்த குனிவு.

நான் இன்னும் திங்கட்கிழமைவரை இங்கே வேலையில் இருக்கிறேன். ஆகவே அந்த அட்டையைக் கட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். சாமியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, பிறகு உத்தரத்துக் கொக்கியைப் பார்த்து, "சரி, அடுத்த புதன் மறுபடி வாசிப்போம்" என்றார். நான் அங்கே இருக்க மாட்டேன். ஞானம், உனக்கு என்ன ஐயம் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாமல் இருக்கலாம். உன் கைதான் பிழை என்று முடியவும் கூடும். ஆனாலும் வை. வைத்தால் எடுக்காதே. வாசலில் யார் காத்துக்கொண்டு நின்றாலும் நிற்கட்டும்.

பிள்ளை அழுதால் எடுக்க, அறையில் வேறு கைகள் இருக்கின்றன.